ஒற்றையா இரட்டையா

யாஸ்னா பாரியா
டிக்கெட் கிழிக்கும் கண்ணாடிக்கு வெளியே
மகெல்லன் நீரிணை.
இருபது நிமிட அகலம்.
எதிரே, நெருப்பு நிலம் என்று பெயர் வாங்கிய
மரமில்லாத குளிர்.

முப்பத்தெட்டு வயதில்
அஞ்சல் வழியே கணினி அறிவியல்.
தனிநிலைக் கணிதத்தில் ஒருமுறை தோற்றாயிற்று,
இன்னும் ஒரு வாய்ப்புதான்.
சொல்லித்தர ஆளில்லை.
முதுகு பிரிந்த பாடநூல் ஒன்று,
ரசீதுகளின் வெற்றுப் பின்புறம்,
லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைக்கிற நேரம்.

நூலாசிரியருக்கு ஒரு பழக்கம்.
பள்ளம் வந்தால்
'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிவிட்டு
அந்தப் பக்கம் தாவிவிடுவார்.
பள்ளத்துக்குள் நாலு இரவு கிடந்தாள் யாஸ்னா.
ஐந்தாம் இரவு தெரிந்தது,
தெளிவாக அல்ல.
வீதிக்கு வந்த பிறகு
சட்டையில் ஒரு பொத்தான் மாறிப்போனது தெரியுமே,
அப்படி.

தொகுத்தறிதல் மட்டும் மசியவில்லை.
முதல் படியில் நில்;
ஏதோ ஒரு படியில் நிற்பதாக வைத்துக்கொள்;
அங்கிருந்து அடுத்ததில் கால் வைத்துக் காட்டு;
ஏணி முழுக்க உனது என்கிறது நூல்.
எதை நிறுவ வேண்டுமோ
அதையே உண்மையென்று வைத்துக்கொள்வதா?
ஓரத்தில் எழுதினாள்:
மோசடி.

படகுக்கு வேறு வேலை இல்லை.
ஒரு நடை அக்கரை,
மறு நடை இக்கரை.
யாராவது கேட்டால் அவள் எட்டிப் பார்ப்பதில்லை.
பதிவேட்டில் கடைசி எண்ணைப் பார்ப்பாள்.
ஒற்றை என்றால் அங்கே, இரட்டை என்றால் இங்கே.
ஒன்பது வருடமாக இப்படித்தான் பதில் சொல்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு என்று எழுதி
"எதிர்க்கரையில்" என்று சொன்ன வாய்
மூடாமல் நின்றது.
எனக்கு எப்படித் தெரியும்?
அத்தனை நடையையும் கூடவே போய்ப் பார்த்தேனா?
முதல் நாள் எங்கே நின்றதென்று தெரியும்.
ஒவ்வொரு நடையும் கரையை மாற்றும் என்று தெரியும்.
அவ்வளவுதானே.
அவ்வளவுதான்.
'மோசடி'யை அடித்தாள், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு.

வியாழன் காற்று நீரிணையை மூடிவிட்டது.
உள்ளே பதினெட்டு லாரிக்காரர்கள்,
கைமாறி வரும் ஒரே மாத்தேக் குடுவை.
மாலை, தினப் படிவம் நிரப்ப வேண்டும்:
'இன்று போன நடை ஒவ்வொன்றும்
நேரத்துக்குப் போனதா?'
ஆம் என்று குறித்து அனுப்பினாள்.

தலைமையகத்திலிருந்து மிலென்கோ கூப்பிட்டார்.
"ஒன்றுகூடப் போகவில்லையே, அம்மா."
"தாமதமாகப் போன ஒரு நடையைக் காட்டுங்கள்,
மாற்றி எழுதுகிறேன்."
போனுக்குள்ளும் காற்றுதான் கேட்டது.

லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.
ஓயார்சோ மட்டும் சிரிக்கவில்லை,
உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.
"அப்படியென்றால்
போன நடை எல்லாம் தாமதம் என்பதும் சரிதானா?"
"அதுவும் சரிதான்."
"என் லாரியில் இருக்கும் யானை ஒவ்வொன்றுக்கும்
டிக்கெட் வாங்கியாயிற்று என்பது?"
"சத்தியமாக."
வெற்றுக் கணத்தை நம்ப
அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.
அவருக்கு ஒரு மிடறு.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
நள்ளிரவு தாண்டிக் காற்று இறங்குகிறது.
ரசீதின் பின்புறம், பாதியில் நின்ற நிறுவலுக்குக் கீழே
மூன்று புள்ளி வைக்கிறாள்,
நம் ஆய்தம் மாதிரியே, மேலே ஒன்று கீழே இரண்டு.
ஆய்தத்துக்குத் தனிநிலை என்று ஒரு பழம்பெயர் உண்டு;
அவளுக்கு அது தெரிய வழியில்லை.
அவள் நூலில் அந்தக் குறிக்குப் பொருள்
'ஆகவே'.

ஆகவே,
அதற்குப் பிறகு என்ன எழுதுவதென்று யோசிக்கும்போது
கண்ணாடியைத் தட்டுகிறார் ஓயார்சோ:
ஒரு லாரி.
யானை இல்லை.